வலி இல்லாத முகம்

அம்மாவின் சவப்பெட்டியின் தலைமாட்டில் சபையின் மூப்பர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் அப்பா. அப்பாவுக்கு அடுத்து, நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, சித்தப்பா. அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபையிலிருந்து தனியாக வந்திருந்தார். சித்தியால் இப்போதெல்லாம் வலியில் கட்டிலை விட்டு எழ முடிவதில்லை. சுவரோரம் போட்ட பெஞ்சுகளில் சபையின் ஆண்கள், வயது வரிசைப்படி. பெண்கள் கூடத்துக்குள் வரவில்லை. சமையலறை நிலைப்படியில் தொடங்கி உள்ளே அடுப்பு வரைக்கும் முக்காலிகளிலும் கவிழ்த்த மரப்பெட்டிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் முதல் ஆள் அத்தை, அப்பாவின் அக்கா. அத்தையின் அகலமான முதுகுக்குப் பின்னால் சின்னவள். அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் முகத்தில் பாதிதான் தெரிந்தது.

சின்னவளின் அக்கா, பெரியவள், அங்கே இல்லை. சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கு உட்கார இடமும் கிடையாது, சாவுச் சேதியும் கிடையாது.

மூப்பர் பேசிக்கொண்டிருந்தார். ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற கடை வைத்திருப்பவர். கடையில் விலை சொல்லும் நிதானத்தில்தான் சபையிலும் பேசுவார்; இரண்டு இடத்திலும் பேரம் கிடையாது. இந்த முகத்தைப் பாருங்கள் என்றார். எப்படிப்பட்ட நோய் என்று எல்லாருக்கும் தெரியும், மற்றவர்கள் இதே நோயில் தெருமுனை வரைக்கும் கேட்கக் கதறுகிறார்கள், நம் சகோதரியோ கடைசி வாரங்களில் ஒரு முனகல்கூட இல்லாமல் படுத்திருந்தாள், மருந்தை விரல் நுனியால்கூடத் தொடவில்லை, வலியை எடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா என்றார். பெஞ்சுகளில் தலைகள் அசைந்தன.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, இழவு வீட்டில் கேட்கலாமா என்ற தயக்கத்தோடு கேட்டார்.

"கடைசி வரைக்கும் ஒண்ணுமே குடுக்கலையா?"

"ஒரு சொட்டு இல்ல," என்றார் மூப்பர்.

சித்தப்பாவின் தோள்கள் இறங்கின. இத்தனை நாளும் எதையோ தூக்கிக்கொண்டு நின்ற மனிதருக்கு, கீழே வைக்க இடம் கிடைத்த மாதிரி இருந்தது. சாட்சிக் கடிதம் வந்ததும் சித்தியின் கட்டில் பக்கத்திலேயே வைத்து வாசிக்கச் சொல்கிறேன் என்றார். அவளுக்கு எவ்வளவு பலமாக இருக்கும் என்றார் மூப்பர்.

அத்தையின் முதுகுக்குப் பின்னால் சின்னவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசுவாசிகளின் சாவுக்கு அழக் கூடாது என்பது சபையின் ஒழுங்கு. அவள் அழாததற்குக் காரணம் அது இல்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. யாராவது கிள்ளினால், கிள்ளினார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

சபையில் ஒருவர் இறந்தால் ஒரு கடிதம் போகும். சாட்சிக் கடிதம் என்று பெயர். இறந்தவர் எப்படி விசுவாசத்தில் நிலைத்திருந்தார் என்று, ஆண்கள் அடக்கத்துக்குப் போயிருக்கும் நேரத்தில், வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து எழுத வேண்டும். பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. வாசகத்தை மூப்பர் சொல்வார். கையெழுத்து வீட்டு ஆணுடையது. பெண் எழுதுவதற்கு முன்னாலேயே வெற்றுத் தாளின் அடியில் போட்டுவிடுவார், ஏனென்றால் என்ன எழுதப்படும் என்பது முன்பே முடிவான விஷயம். எழுதியதும் ஒட்டித் தபாலில் சேர்க்க வேண்டும். கையோடு கொண்டுபோன கடிதத்தை எந்தச் சபையும் வாசிக்காது. முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபைக்கு. அங்கே எல்லார் முன்னாலும் பிரித்து, தொடங்கினால் நடுவில் நிறுத்தாமல் முடிவு வரைக்கும் வாசித்து, அதே கடிதத்தை அடுத்த சபைக்கு அனுப்புவார்கள். அப்படியே ஊர் ஊராகப் போகும்.

இந்தச் சபையின் கடிதங்களைச் சில வருஷங்களாகச் சின்னவள்தான் எழுதினாள், யார் வீட்டில் சாவு விழுந்தாலும். அச்சடித்த மாதிரி கையெழுத்து. அதை அவளுக்கு யாரும் ஆசையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்ன வயதில் சத்தமாகச் சிரித்தால் வேதத்திலிருந்து ஓர் அதிகாரம் பார்த்து எழுத வேண்டும். ஓடினால் ஓர் அதிகாரம். பாவாடை விளிம்புக்கும் தரைக்கும் நடுவே மர அளவுகோல் நுழைந்தால் இரண்டு. கோணலாக எழுதினால் மறுபடி முதலிலிருந்து. பெரியவள் வேண்டுமென்றே கோழிக்கிறுக்கலாக எழுதி, திரும்பத் திரும்ப உட்கார்ந்தாள். சின்னவள் ஒரே தடவையில் முடித்துவிட்டு எழுந்து போகக் கற்றுக்கொண்டாள். அவள் எழுத்து எந்த அளவுக்கு அழகோ அந்த அளவுக்கு அவள் சிரித்திருக்கிறாள் என்று அர்த்தம் என்று அத்தை கேலி செய்வாள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது வகுப்பாசிரியை வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தாள். அம்மா அவளுக்குத் தேநீர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து சபையின் தையல் அறையில், முக்காட்டுத் துணிக்கு விளிம்பு அடிக்கிற வேலை. முழுக்க வெள்ளை. சாயந்திரமானால் கண்ணை மூடினாலும் வெள்ளையாகத் தெரியும்.

பெரியவள் நர்ஸ் படிப்புக்குப் போனாள். மருந்தே தொடக் கூடாது என்கிற சபை; அதற்காகத்தான் விலக்கினார்கள். விலக்கிய அன்று, அவள் பெட்டியோடு வாசலில் நிற்கும்போதே கதவைச் சாத்தியது அம்மா. தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு அந்தக் கதவில் நெற்றியை வைத்து நின்றதைச் சின்னவள் மட்டும் பார்த்தாள்.

அம்மாவுக்கு நோய் முற்றியபோது சின்னவள் ரொட்டிக் கடைத் தொலைபேசியிலிருந்து பெரியவளைக் கூப்பிட்டாள். எல்லாரும் சபைக்குப் போயிருந்த ஒரு காலையில் பெரியவள் வந்தாள். பின்பக்கக் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று இவளும் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. அந்தக் கேட் அப்பா செய்தது. அப்பா கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டர். இரண்டு விரல் நுழைகிற இடைவெளிதான் விடுவார். அந்த இடைவெளி வழியாக மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"வலி வந்தப்புறம் குடுக்காத. வர்றதுக்கு முன்னாடியே குடுக்கணும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. புரிஞ்சுதா?"

அன்று ராத்திரியிலிருந்து கொடுத்தாள். முதல் மாத்திரையை அம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வது போலவே, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகு வேளைக்கு வாயைத் திறப்பாள். மாத்திரை வராவிட்டால் கேட்டு வாங்குவாள். ஒரு மத்தியானம், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டாள்.

"அவ எளச்சிட்டாளா?"

"இல்லம்மா. கொஞ்சம் சதை போட்டிருக்கா."

"முடி?"

"வெட்டியிருக்கா. தோள் வரைக்கும்."

"அவளுக்குச் சிக்கு விழற முடி," என்றாள். "நல்லதுதான்."

பெரியவளைப் பற்றி அம்மா பேசியது அவ்வளவுதான்.

மூப்பர் ஜெபத்தை முடித்தார். பெட்டியை மூடுவதற்கு முன் சமையலறைப் பக்கம் வந்து நின்று கடிதத்தின் வாசகத்தைச் சொன்னார். கல்யாணமாகாத பெண்களை அவர் பார்த்துப் பேசுவதில்லை. கதவு நிலையைப் பார்த்துப் பேசுவார். சின்ன வயதில் அவர் நிலைக்குத்தான் ஜெபிக்கிறார் என்று நினைத்து, அப்படியென்ன பாவம் செய்தது இந்தக் கட்டை என்று பெரியவளிடம் கேட்டு, இருவரும் சிரித்து, ஆளுக்கு ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார்கள். மருந்தைத் தொடாமல் என்ற வார்த்தை மட்டும் தவறாமல் வர வேண்டும் என்று அவர் நிலையிடம் சொன்னார். நிலைக்குப் பக்கத்தில் நின்று சின்னவள் தலையை ஆட்டினாள்.

அப்பா மேசைக்கு வந்து தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். பொறி பட்டுப் பட்டுக் கறுத்த விரல்கள். பேனா அந்தக் கையில் எப்போதுமே வேறு யாரிடமோ இரவல் வாங்கிய பொருள் மாதிரிதான் இருக்கும். பேனாவை மூடாமல் வைத்துவிட்டுப் போனார். பெட்டியைத் தூக்கினார்கள். வாசலில் திருப்பும்போது மூலை இடித்தது. பார்த்து, பார்த்து என்று யாரோ சொன்னார்கள். பிறகு காலடிச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

வீடு பெண்களுடையதானது. முக்காடுகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தன. ஒருத்தி கால் நீட்டினாள். கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார்கள். மூப்பருக்குக் கடையில் ஆணி விற்று விற்று வார்த்தையும் அப்படியே வருகிறது என்று ஒரு கிழவி சொல்ல, தொட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

அத்தை சின்னவளின் முழங்கையைப் பிடித்து, சாமான்கள் வைக்கிற சின்ன அறைக்குள் கூட்டிப்போய்க் கதவை முதுகால் சாத்தினாள். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். காலியான மாத்திரை அட்டை.

"குளிப்பாட்டும்போது மெத்தைக்கடியில இருந்துச்சு. அடுப்புல போடு."

சின்னவள் வாங்கிக்கொண்டாள். அட்டையையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முழிக்காத. நல்லதுதான் பண்ணியிருக்க. என் தம்பி பொண்டாட்டி நல்லபடியா போய்ச் சேர்ந்தா. அதோட வாய மூடிக்க."

"மூப்பர் மருந்தே தொடலைன்னு எழுதச் சொல்றாரு அத்தை."

"எழுது. கை உன்னோடது, வார்த்தை அவரோடது. உனக்கென்ன வந்துச்சு? என் ஊசிப் பெட்டியில, நூல்கண்டுக்கு அடியில தலைவலி மாத்திரை வச்சிருக்கேன். எத்தனை வருஷமா? வெளிய முதல் முக்காலியில உக்காந்திருக்காளே, அவ ஜாக்கெட் மடிப்புல வச்சு தச்சிருக்கா. எல்லாரும் அப்படித்தாண்டி. சாப்பிடறத சாப்பிடறது, சொல்றத சொல்றது."

சின்னவள் அட்டையின் ஓட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவளே நகத்தால் அழுத்திக் கிழித்தது.

"சித்திக்கு யார் இருக்கா?" என்று கேட்டாள். "ரெண்டும் பசங்க. சித்தப்பா இப்படி. அவங்களுக்கு யார் மெத்தைக்கடியில வைப்பாங்க?"

அட்டையைத் திரும்ப வாங்க அத்தை கை நீட்டினாள். நீட்டிய கையை, எதற்காக நீட்டினோம் என்பதே மறந்த மாதிரி, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "உங்கக்காவத் தொரத்தின மாதிரி உன்னையும் தொரத்துவாங்க," என்றாள் கடைசியில். "கீழ என் தம்பி பேரு இருக்கு. அவனையும் சபை நடுவுல நிறுத்தி விசாரிப்பாங்க." சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். வெளியே யாரோ தேநீர் கேட்க, அத்தையின் குரல் வழக்கம்போல அதட்டியது.

சின்னவள் மேசையில் உட்கார்ந்தாள். தாளின் அடியில் அப்பாவின் பெயர். அதற்கு மேலே வெற்றிடம். வாழ்த்தும் முகவரியும் எழுதினாள். அம்மா இந்த வீட்டுக்கு வந்த விவரம், சபையில் சேர்ந்த விவரம், தைத்த முக்காடுகள், கவனித்த நோயாளிகள். எழுத்து ஒவ்வொன்றும் தானாகவே நேராக விழுந்தது. மருந்து என்ற வார்த்தைக்கு வந்ததும் பேனா நின்றது.

யோசித்தாள் என்று சொல்ல முடியாது. சித்தியின் கட்டில் எந்தச் சுவரோரம் கிடக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழேதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் சித்திக்கு ஆள் முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் பேசுவாள். யாரோ ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். சித்தி அதை முனகாமல் கேட்க வேண்டும்.

எழுதினாள்.

'எங்கள் அம்மாவுக்கு வலி மிகவும் இருந்தது. கடைசி வாரங்களில் வலிக்கு மாத்திரை சாப்பிட்டார்கள். விருப்பத்தோடு, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதனால் முனகவில்லை. வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே கொடுத்தோம். ஒவ்வொரு மாத்திரைக்கும் முன் ஜெபித்தார்கள். கொண்டுவந்தவள் மூத்த மகள். கொடுத்தவள் இதை எழுதுகிற நான், இளைய மகள். அம்மா விசுவாசத்தோடுதான் இறந்தார்கள்.'

மாத்திரையின் பெயரை அட்டையைப் பார்த்து, எழுத்தெழுத்தாக, மருந்துக் கடைக்காரனுக்கு விளங்குகிற மாதிரி எழுதினாள். அதற்கும் கீழே அப்பாவின் கையெழுத்துக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடம்தான் மிஞ்சியது.

மை காய்வதற்குள் அப்பா வந்துவிட்டார். மற்றவர்கள் நேராகச் சபைக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். இவர் தண்ணீர் குடிக்க வந்தார். காலணியில் ஈர மண் அப்பியிருந்தது. வாசல் மிதியடியில் கால் தேய்க்காமல் உள்ளே வந்ததை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் நின்றவர் தாளைக் கையில் எடுத்தார். அவள் தடுக்கவில்லை. விரலை ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழும் வைத்து வாசிப்பது அவர் வழக்கம். விரல் தாளின் நடுவுக்கு வந்து நின்றது. திரும்ப அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது.

சமையலறையில் கோப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

"ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

"ஆமாப்பா."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னாங்க. நீங்க முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினீங்க. அதுக்கப்புறம் சொல்லல."

அப்பா நாற்காலியை இழுத்தார். ஆனால் உட்காரவில்லை, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ வீட்டுக்குள்ள வந்தாளா?"

"கேட்டுக்கு வெளியவே நின்னா."

"வெளியவா," என்றார். அவர் கண் பின்பக்கம் போய்த் திரும்பியது. பிறகு, தாளைப் பார்த்தபடியே, "கீழ என் பேரு இருக்கு," என்றார்.

"இருக்குப்பா. வேற தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, மூப்பர் சொன்னத எழுதறேன். அத சித்தி கட்டில் பக்கத்துல வாசிப்பாங்க."

கிழிப்பார் என்று நினைத்தாள்; அடிப்பார் என்றும் நினைத்தாள். இரண்டில் எது நடந்தாலும் அதையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் போல இருந்தது. அப்பா தாளை மேசையில் வைத்தார். கம்பியை வெட்டுவதற்கு முன் அளவு பார்ப்பது போல, தாளின் ஓரத்தை மேசை ஓரத்தோடு சரியாகச் சேர்த்து வைத்தார்.

"தபால் ஆபீஸ் மூடிடுவாங்க," என்றார்.

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. காலணியைக் கழுவுகிறார். வெகுநேரம் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

சின்னவள் கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு சமையலறை வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது. பெண்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "வெயில்ல நேரா போயிட்டு நேரா வா," என்று மட்டும் சொன்னாள்.

தபால் ஆபீசில் கூட்டமில்லை. ஓரத்து மேசையில் பசை டப்பா இருந்தது. பசை இறுகிப்போயிருக்க, குச்சியால் குத்தி எடுத்து உறையின் வாயில் தடவினாள். மூடி, மடிப்பின் மேல் கட்டை விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஜன்னலுக்குப் போய் நீட்டினாள்.

உள்ளே இருந்தவர் எடை பார்த்தார். தபால்தலை ஒட்டினார். முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். திரும்பிப் பார்க்காமலே பின்னால் எறிய, உறை மற்ற உறைகளின் மேல் விழுந்து, கொஞ்சம் சறுக்கி, நின்றது.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கையில் பார்சலோடு ஒருவர் காத்திருந்தார். "ஆச்சாம்மா?" என்றார் பொறுமையாக.

அவள் நகர்ந்து வழி விட்டாள். வாசலில் வெயில் கண் கூசியது. கட்டை விரலில் ஒட்டியிருந்த பசை அதற்குள் காய்ந்து மெல்லிய தோலாகியிருந்தது. ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல், மெதுவாக உரித்துக்கொண்டே நடந்தாள்.